பாமினி, டேப், யூனிகோடு கலந்த வேர்ட் கோப்புகளை இன்டிசைனுக்குள் கொண்டுவருவதும் கட்டுரைகளை இடம் மாற்றுவதும்

பனையோலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு சிறு பதிப்பகத்திற்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுக்கிறேன். பல ஆண்டுகள் பேஜ்மேக்கரிலேயே வேலை பார்த்துப் பழகியவள் என்பதால், இன்டிசைனுக்கு மாறி ஓராண்டு ஆகப்போகும் இந்த நேரத்திலும் கை பழைய வழியிலேயே போகிறது.

இப்போது கையில் இருப்பது ஏரி, குளம், கண்மாய் பற்றிய கட்டுரைத் தொகுப்பு. டெம்மி அளவு, மொத்தம் 14 கட்டுரைகள், 320 பக்கம், அதாவது 16 பக்கம் கொண்ட அச்சுத் தாள் கணக்கில் சரியாக 20 பாரம் வரவேண்டும் என்பது பதிப்பாளரின் கணக்கு. 9 கட்டுரைகள் யூனிகோடில் தட்டச்சு செய்யப்பட்ட வேர்ட் கோப்புகளாக வந்திருக்கின்றன. 3 கட்டுரைகளை யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர் பாமினி எழுத்துருவில் அனுப்பியிருக்கிறார். மீதி இரண்டும் 2003இல் வந்த பழைய பதிப்பிலிருந்து எடுப்பவை; அவை டேப் எழுத்துருவில் பேஜ்மேக்கர் 7 கோப்பாக மட்டுமே இருக்கின்றன.

முதலில் வேர்டில் முழுவதையும் தெரிவுசெய்து நகலெடுத்து இன்டிசைனில் ஒட்டினேன். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்குறிப்பு எதுவும் வரவில்லை. எழுத்துகளும் உடைந்துவிட்டன: ‘கொ’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘க’ முன்னால் நிற்க, கொம்பு அதற்குப் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தைத் தாங்கிக்கொண்டு தனியே நிற்கிறது. பாமினிக் கோப்புகளை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். அதில் வேறு விதமான பிழைகள் வந்துள்ளன, கட்டுரைக்கு நடுவே இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகிவிட்டன.

இதற்கிடையில் ஆறாவது கட்டுரையை இரண்டாவதாகக் கொண்டுவருமாறு தொகுப்பாசிரியர் கேட்டார். அந்தக் கட்டுரை இருந்த பக்கங்களின் பெட்டிகளை வெட்டி முன்னால் கொண்டுபோய் ஒட்டினேன். பழைய இடத்தில் உரை போகவே இல்லை. அப்படியே அடுத்த பெட்டிகளுக்குள் வழிந்து நிற்கிறது. ஒட்டிய இடத்திலும் அதே உரை இருக்கிறது. ஒரே கட்டுரை இப்போது இரண்டு இடத்தில். தொடக்கத்திலிருந்து செய்வதென்றாலும் சரி, முறை எது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈயஎழுத்து எழுதியது:

வணக்கம் அம்மா. தொடக்கத்திலிருந்தே செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், ஏனென்றால் ஒட்டிய உரையைப் பழுதுபார்ப்பதற்கு ஆகும் நேரத்தில் முறையாக மூன்று முறை இறக்குமதி செய்துவிடலாம்.

எழுத்து உடைவதை முதலில் பார்ப்போம். உங்கள் கோப்பில் பிழை இல்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் இழுத்து வரைவது மென்பொருளின் வேலை. எழுத்துகளை வரிகளாக அடுக்கும் உள்பகுதிக்குக் கம்போசர் என்று பெயர்; இன்டிசைனின் வழக்கமான பத்திக் கம்போசருக்கு அந்த வேலை தெரியாது. ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று இன்னொன்று இருக்கிறது; இந்திய மொழிகளை ஒழுங்காக அமைப்பது அதுதான். பத்தியின் பாணி (எழுத்துரு, இடைவெளி முதலியவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைக்கும் தொகுப்பு) அமைப்பில் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதிக்குள் போய் அதைத் தெரிவுசெய்யுங்கள். அதோடு எந்தக் கோப்பையும் திறக்காமல் இன்டிசைனை வெறுமையாக வைத்துக்கொண்டு, ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு டைப்’ என்பதற்குள் இயல்புநிலைக் கம்போசராகவும் அதையே வைத்துவிடுங்கள். இனித் தொடங்கும் ஒவ்வொரு கோப்பும் அந்த அமைப்போடு பிறக்கும். ஏற்கெனவே திறந்து வேலை செய்த கோப்பு தானாக மாறாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேறு மென்பொருளிலிருந்து ஒட்டும்போது ‘டெக்ஸ்ட் ஒன்லி’ என்பதே இன்டிசைனின் இயல்புநிலை, ஆகையால் தடிப்பும் சாய்வும் அடிக்குறிப்பும் வாசலிலேயே கழற்றப்பட்டுவிடும். அந்த அமைப்பை மாற்றலாம் என்றாலும், புத்தக வேலைக்கு ‘பிளேஸ்’ கட்டளைதான் சரி. கன்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தி, வரும் சாளரத்தின் அடியில் ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கோப்பைத் திறந்தால், அடிக்குறிப்பு வேண்டுமா, பின்குறிப்பு வேண்டுமா, வேர்டில் உள்ள பாணிகளை என்ன செய்வது என்று இன்டிசைன் உங்களைக் கேட்கும். பெரும்பாலோர் இந்தக் கட்டத்தைக் குறியிடாமலே காலம் தள்ளுகிறார்கள். தமிழ்க் கோப்புகளில் பாதித் தலைவலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாணிகளை இணைப்பதுதான் இதில் உழைப்புக்குரிய பகுதி. வேர்ட் கோப்பில் ஆசிரியர் தலைப்பைத் தலைப்புப் பாணியிலும் உடலுரையை இயல்புப் பாணியிலும் வைத்திருந்தால், ‘கஸ்டமைஸ் ஸ்டைல் இம்போர்ட்’ என்பதைத் தெரிவுசெய்து, வேர்டின் ஒவ்வொரு பாணிக்கும் எதிரே உங்கள் இன்டிசைன் பாணியின் பெயரைக் காட்டிவிடலாம். உரை உள்ளே வரும்போதே உங்கள் எழுத்துரு, உங்கள் வரியிடைவெளி, உங்கள் கம்போசர் எல்லாவற்றோடும் வந்து இறங்கும். ஆனால் நம் ஆசிரியர்களில் யார் பாணியைப் பயன்படுத்துகிறார்கள்? எண்டர் விசையை நான்கு முறை தட்டி இடைவெளி விட்டு, தலைப்பைக் கையால் பெரிதாக்கி, பத்தித் தொடக்கத்திற்கு இடைவெளி விசையை ஐந்து முறை அழுத்திய கோப்புகள்தான் நமக்கு வருகின்றன. ஆகவே வேர்டிலேயே ஒரு மணி நேரம் செலவிட்டுத் தலைப்பு, துணைத்தலைப்பு, மேற்கோள், உடல் என்று நான்கு பாணிகளையாவது போட்டுவிட்டு, வெற்றுப் பத்திகளையும் இரட்டை இடைவெளிகளையும் நீக்கிவிட்டு, பிறகு கொண்டுவாருங்கள். ஷிஃப்டும் எண்டரும் சேர்த்து அழுத்தி வரியை முறித்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். இருபுறமும் சீராக அடைக்கும் பத்தியில் அந்த முறிவு இருந்தால், மூன்று சொற்கள் மட்டும் உள்ள வரி பக்க அகலம் முழுவதும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும்.

தடித்த எழுத்தைக் காப்பாற்றுவதில் ஒரு வரிசைமுறை உண்டு. உரை இறங்கியதும் முதல் வேலையாக, கண்டுபிடி-மாற்று சாளரத்தில் தடித்த வடிவத்தைத் தேடி, நீங்கள் உருவாக்கி வைத்துள்ள தடித்த எழுத்துப் பாணியை அதன்மேல் ஏற்றுங்கள். அதற்குப் பிறகுதான் பத்தியில் ஒட்டிக்கொண்டு வந்த மற்ற மீறல்களை, அதாவது பாணிக்கு மாறாகக் கையால் செய்த மாற்றங்களை, நீக்கும் கட்டளையைக் கொடுக்கவேண்டும். எழுத்துப் பாணியாக மாறிவிட்ட தடிப்பை அந்தக் கட்டளை தொடாது. வரிசையைத் திருப்பிச் செய்தால் தடிப்பெல்லாம் ஒரே அழுத்தலில் போய்விடும், போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கடைசியாக, ஏற்றப்பட்ட சுட்டியோடு பக்கத்தில் சொடுக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள். தேவையான பக்கங்களை இன்டிசைனே சேர்த்துக்கொண்டு உரையை முடிவுவரை ஓடவிடும். பெட்டியின் வலது அடியில் சிவப்புக் கூட்டல் குறி தெரிந்தால் உரை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அச்சுக்கு அனுப்பும் நாளன்று அந்தக் குறி எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

நான் வடிவமைப்பாளர் அல்லள், மெய்ப்புப் பார்ப்பவள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகள் என் மேசைக்கு வரும்போது எப்போதும் இரண்டு பிழைகள் கூடவே வருகின்றன; அவற்றை இறக்குமதிக்கு முன்போ பின்போ நீங்களே நீக்கிவிட்டால் என்னைப் போன்றவர்களின் கண்ணுக்குப் பெரிய உபகாரம்.

ஒன்று, ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்று இருப்பது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பின்னதில் இருப்பது ரகர மெய் அன்று, துணைக்காலின் மேல் வைத்த புள்ளி. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ரகர மெய்க்குக் காலைப் போட்டு மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். காகிதத்தில் வேறுபாடு தெரியாததால் யாரும் கேட்டதில்லை. யூனிகோடில் ‘அவர்’ என்று தேடினால் இது அகப்படாது, சில எழுத்துருக்களில் புள்ளி விலகி அசிங்கமாகவும் நிற்கும். துணைக்காலுக்கு மேல் புள்ளி வருகிற எழுத்து தமிழில் எங்கும் இல்லை, ஆகையால் ‘ா்’ எல்லாவற்றையும் ‘ர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றும், ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும் வரும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். இதைப் பார்த்தவுடன் ‘ெள’ எல்லாவற்றையும் ‘ௌ’ என்று மாற்றிவிட்ட ஒரு கோப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ அத்தனையும் சிதைந்திருந்தன. ஏரி பற்றிய உங்கள் புத்தகத்தில் ‘வெள்ளம்’ எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

வழி இதுதான். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம். ஒன்றும் வராமல் இருந்தால் மட்டுமே ஐயத்துக்குரியது. சொல்லுக்குப் பதிலாக எழுத்துகளின் அமைப்பைக் கொடுத்துத் தேடும் இன்டிசைனின் கிரெப் தேடலில் இப்படி எழுதலாம்:

ெள(?![ா-்])

மாற்றாக ‘ௌ’ என்று கொடுங்கள். அப்படியும் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள். ‘கிளம்பு’ என்பதைப் பேச்சுவழக்கில் ‘கெளம்பு’ என்று எழுதுகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரைகளில் கண்மாய்க்கரைப் பெரியவர் ஒருவர் பேசுவதை அப்படியே எழுதியிருந்தால், ‘கௌம்பு’ என்று அச்சாகி அவர் பேச்சே மாறிவிடும்.

பனையோலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கம்போசரை மாற்றியதும் எழுத்து உடைவது உடனே நின்றது. யூனிகோடில் இருந்த 9 கட்டுரைகளையும் ‘பிளேஸ்’ வழியாகக் கொண்டுவந்தேன். அடிக்குறிப்புகள் தம் எண்களோடு பக்க அடியில் வந்து அமர்ந்ததைப் பார்த்தபோது இத்தனை நாள் கையால் அடித்த அடிக்குறிப்புகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

இப்போது மூன்று சந்தேகங்கள். சாய்வெழுத்தில் இருந்த நூல் தலைப்புகள் எல்லாம் இளஞ்சிவப்புப் பட்டையோடு தெரிகின்றன. எழுத்துரு காணவில்லை என்கிறது, அதே எழுத்துரு கணினியில் இருக்கத்தான் செய்கிறது. பாமினிக் கட்டுரைகளில் ஆங்கிலச் சொற்களையும், 11 அடிக்குறிப்புகளையும் எப்படிக் காப்பாற்றுவது? பேஜ்மேக்கர் கோப்பை இன்டிசைன் திறக்க மறுக்கிறது, அதை எப்படி எடுப்பது? இடம் மாற்றும் சிக்கலும் அப்படியே இருக்கிறது.

ஈயஎழுத்து எழுதியது:

சாய்வெழுத்து முதலில். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவம் தனியாக வரையப்படவில்லை. வேர்ட் நேர் எழுத்தையே தானாகச் சாய்த்துக் காட்டிச் சமாளித்துவிடும். இன்டிசைன் அப்படிச் சமாளிக்காது, இல்லாத வடிவத்தைக் கேட்டால் இல்லை என்று இளஞ்சிவப்பில் சொல்லிவிடும். ஓர் எழுத்துப் பாணி உருவாக்கி, அந்தச் சாய்வுகளைத் தேடி அதன்மேல் ஏற்றி, பாணிக்குள் நேர் வடிவத்தையே கொடுத்துவிடுங்கள். வேறுபாடு வேண்டுமென்றால் இன்னொரு எழுத்துருவைக் கொடுக்கலாம், அல்லது நூல் தலைப்புகளை ஒற்றை மேற்கோளுக்குள் போடலாம். கணக்குப் போட்டுத் தமிழைச் சாய்க்கும் வசதி இருக்கிறது என்றாலும், சுழிகள் எல்லாம் ஒருபக்கமாகக் குடைசாய்ந்து நிற்பதை நான் ஒருநாளும் விரும்பியதில்லை.

பாமினி விஷயத்தில், மாற்றியைக் குறைசொல்வதற்கு முன் அந்த எழுத்துரு எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்கவேண்டும். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தின் எம், ஏ, டி ஆகிய சிறிய எழுத்துகள் பாமினியில் அ, ய, வ. ஆகவே பாயைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் வேறோர் எழுத்துருவில் நடுவே கிடந்தாலும், எழுத்துரு எது என்று அறியாத மாற்றி அதை ‘அயவ’ என்று மாற்றித் தந்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேர்டின் தானியங்கித் திருத்தம் அந்த ஆசிரியரின் கணினியில் அணைக்கப்படாமல் இருந்தால், சிறிய எம் பெரிய எம்மாகி, ‘அம்மா’ என்று தொடங்கிய வாக்கியம் ‘ஆம்மா’ என்று தொடங்கும். வாக்கியத் தொடக்கங்களை மட்டும் ஒருமுறை தனியாக ஓட்டிப் பாருங்கள்.

ஆங்கிலச் சொற்களுக்கு நான் செய்வது: வேர்டின் தேடலில் சொல் எதுவும் கொடுக்காமல், ஆங்கிலத்துக்குப் பயன்பட்ட எழுத்துருவை மட்டும் கொடுத்து, முதன்மை ஆவணத்தில் உள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் தெரிவுசெய்யச் சொல்வேன். அப்படியே நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டினால், எல்லா ஆங்கிலச் சொற்களும் வரிசையாக ஒரு பட்டியலாகக் கிடைத்துவிடும். பிறகு மூலத்தில் அவற்றின் இடத்தில் 88803 போன்ற ஓர் எண்ணை வைத்துவிட்டு மாற்றிக்குக் கொடுப்பேன். அடைப்புக்குறியும் நட்சத்திரமும் பாமினியில் வேறு எதுவாகவோ மாறக்கூடும். எண்கள் எண்களாகவே நிற்கும். ஒரு பத்தியை மாற்றிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு முழுக் கோப்புக்குப் போங்கள். அந்த எண் கட்டுரைக்குள் வேறெங்கும் வரவில்லை என்பதையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

தடித்த எழுத்துக்கும் இதே உத்திதான். வேர்டில் தேடும் கட்டத்தை வெறுமையாக விட்டு, வடிவம் தடித்தது என்று மட்டும் சொல்லி, மாற்றும் கட்டத்தில் 88801^&88802 என்று கொடுத்தால், தடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் இருபுறமும் இந்த எண்கள் ஒட்டிக்கொள்ளும். மாற்றியின் வழியாக வெறும் உரையாக வெளியே வந்த பிறகு, இன்டிசைனின் கிரெப் தேடலில்

88801(.+?)88802

என்று தேடி, மாற்றும் இடத்தில் $1 என்றும், மாற்று வடிவத்தில் தடித்த எழுத்துப் பாணியையும் கொடுத்தால், எண்கள் மறைந்து தடிப்பு திரும்ப வந்துவிடும். முழுப் பத்தியும் தடித்திருந்தால் மட்டும் பத்தி முடிவுக்குறியும் சேர்ந்து பிடிபட்டு, 88802 அடுத்த பத்தியின் தலையில் போய் விழும். அதனால் தலைப்புகளின் தடிப்பை முன்பே நீக்கிவிட்டு, அவற்றைப் பாணியால் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடிக்குறிப்பு 11தான் என்கிறீர்கள். அதற்காக மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) தேடி அலையவேண்டாம். வேர்டில் ^f என்று தேடி, அடிக்குறிப்பு எண்ணுக்கு முன்னால் 88804 போட்டு இடத்தை மட்டும் அடையாளம் செய்துகொள்ளுங்கள். குறிப்புகளின் உரையைத் தனியாக மாற்றி வைத்துக்கொண்டு, இன்டிசைனில் ஒவ்வொரு 88804 இடத்திலும் ‘இன்சர்ட் ஃபுட்நோட்’ கொடுத்து ஒட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலை. அடிக்குறிப்பு 200 இருக்கிற ஆய்வேடாக இருந்தால், கோப்புக்குள்ளேயே எழுத்துருவைப் பார்த்துப் பார்த்து மாற்றும் மேக்ரோவை நானும் தேடிப் போவேன்.

பேஜ்மேக்கர் கோப்பை இப்போதைய இன்டிசைன் திறக்காது. சிஎஸ்6 வரையிலான பழைய பதிப்புகளே திறந்தன. திறந்தாலும் உள்ளே இருப்பது டேப் குறியாக்கம்தான், மாற்றும் வேலை போகாது. பேஜ்மேக்கர் ஓடுகிற பழைய கணினி ஒன்று உங்களிடமோ பழைய அச்சகத்திலோ இருந்தால், உரைக்குள் சுட்டியை வைத்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஆர்டிஎஃப் வடிவில் எடுங்கள். சுட்டி நிற்கிற தொடர் உரை மட்டுமே வெளியே வரும். பக்கத்துக்குப் பக்கம் இணைக்காமல் தனித்தனிப் பெட்டியாக வைத்திருந்தால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். டேப் என்பது 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இருமொழிக் குறியாக்கம். ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருக்கும்படி அமைக்கப்பட்டது. அதனால் பாமினியில் பட்ட ஆங்கிலச் சொல் சிக்கல் இதில் வராது.

கரிசல்மண் எழுதியது:

இடையில் ஒன்று. கட்டண மென்பொருள் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸின் 1.4 வரிசையில் தமிழ் உடைந்துதான் வரும், அதைப் பார்த்துவிட்டுப் பலர் கைவிட்டுவிட்டார்கள். 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பிலிருந்து சிக்கலான எழுத்துமுறைகளை அமைக்கும் வசதி சேர்ந்தது. 2024 ஜனவரியில் வந்த 1.6 அதன் நிலையான பதிப்பு. பெட்டியின்மேல் வலச்சொடுக்கி உரையைப் பெறும் கட்டளையைக் கொடுத்து ஓபன் டாக்குமென்ட் கோப்பைப் பாணிகளோடு கொண்டுவரலாம். சிறு நூல்களுக்குத் தாராளமாகப் போதும். அடிக்குறிப்பு மிகுந்த 320 பக்கத் தொகுப்பை அதில் தொடங்க நான் துணியமாட்டேன்.

சதுரப்பெட்டி எழுதியது:

வணக்கம். இடம் மாற்றுவது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நானும் பேஜ்மேக்கரிலிருந்து வந்தவன்தான்.

இன்டிசைனில் பெட்டி வேறு, உரை வேறு. உங்கள் புத்தகம் ஏரியைப் பற்றியது என்பதால் இப்படிச் சொல்கிறேன்: இணைக்கப்பட்ட பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரைக் கடத்தும் வாய்க்கால்கள், ஒரு வாய்க்காலை வெட்டி எடுத்தால் நீர் அதனோடு போகாது, அடுத்த வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். வெட்டிய பெட்டிகளை வேறிடத்தில் ஒட்டும்போது, அவற்றுக்குள் அப்போதிருந்த உரையின் நகலோடு அவை ஒட்டப்படுகின்றன, பழைய தொடரோடு உறவில்லாமல். உங்களுக்கு ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் நிற்பதன் காரணம் இதுதான். உடனே ஒட்டிய நகலை நீக்கிவிடுங்கள். இரண்டு நகலிலும் திருத்தம் செய்யத் தொடங்கிவிட்டால் எது சரியானது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

உரையை நகர்த்த வேண்டுமென்றால் உரையைத்தான் வெட்டவேண்டும். கன்ட்ரோலும் ஒய்யும் அழுத்தி ‘ஸ்டோரி எடிட்டர்’ சாளரத்தைத் திறங்கள். பக்க வடிவம் எதுவும் இல்லாமல் உரை மட்டும் ஒரே ஓட்டமாக, இடப்பக்கம் பாணிப் பெயர்களோடு தெரியும். ஆறாவது கட்டுரையின் தலைப்புப் பத்தியின் முதல் எழுத்துக்கு முன்னால் தொடங்கி, கடைசிப் பத்தியின் முடிவுக்குறி வரை தெரிவுசெய்யுங்கள். மறைந்துள்ள குறிகளைக் காட்டச் சொல்லிவிட்டுச் செய்தால், முடிவுக்குறி பிடிபட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். அது பிடிபடாமல் விட்டால், ஒட்டும் இடத்தில் கட்டுரையின் கடைசி வரியும் அடுத்த கட்டுரையின் தலைப்பும் ஒரே பத்தியாகக் கலந்துவிடும். வெட்டி, இரண்டாவது கட்டுரையின் தலைப்புக்கு முன்னால் சுட்டியை வைத்து ஒட்டினால் முடிந்தது. அடிக்குறிப்புகள் தம் எண்ணோடு கூடவே வந்து, புது வரிசைக்கேற்ப எண்ணையும் மாற்றிக்கொள்ளும்.

படங்கள்தான் ஏமாற்றும். பக்கத்தின்மேல் தனியாக வைத்த புகைப்படம் உரை போனாலும் அங்கேயே நிற்கும். படப் பெட்டியின் மேல்விளிம்பில் ஒரு சிறு நீலச் சதுரம் தெரிகிறதல்லவா, அதை இழுத்து உரிய பத்தியில் விட்டால் படம் அந்தப் பத்தியோடு நங்கூரமிடப்படும்; பிறகு பத்தி போகும் இடமெல்லாம் படமும் போகும்.

இதெல்லாம் ஒரே கோப்பில் வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் நிலையில் நான் 14 கட்டுரைகளையும் ஒரே தொடராக வைத்திருக்கவே மாட்டேன். ஒரே தொடராக இருந்தால் அடிக்குறிப்பு எண் முதல் கட்டுரையில் தொடங்கி 14ஆம் கட்டுரை வரை ஏறிக்கொண்டே போகும். தொகுப்பு நூலில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 1இலிருந்து தொடங்குவதுதானே முறை? ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனி இன்டிசைன் கோப்பாக்கி, ‘புக்’ என்ற வகைக் கோப்பு ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதன் பட்டியலில் 14ஐயும் சேர்த்துவிடுங்கள். தொகுப்பாசிரியர் ஆறாவதை இரண்டாவதாக்கச் சொன்னால், பட்டியலில் அந்தப் பெயரைப் பிடித்து மேலே இழுத்து விடுவதுதான் வேலை. பக்க எண்கள் தாமாகவே சரியாகிவிடும். பாணிகளை ஒரு கோப்பில் மாற்றிவிட்டு மற்றவற்றுக்கு ஒத்திசைக்கவும் முடியும். இழுக்கும்போது யோசிக்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில்தான் தொடங்கவேண்டும் என்றால், வெற்றுப்பக்கம் சேர்க்கும் அமைப்பை ‘புக்’ பட்டியலின் பக்க எண் அமைப்பில் கொடுத்துவிட்டு, அது 20 பாரக் கணக்கை மீறுகிறதா என்று பதிப்பாளரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும்: பக்கம் அமைத்த பிறகு ஆசிரியர் திருத்திய வேர்ட் கோப்பை மறுபடி அனுப்பினால் என்ன செய்வது? வேர்ட் கோப்போடு இணைப்பு வைத்துக்கொள்ளும் வசதி இன்டிசைனில் இருக்கிறது. இணைப்பைப் புதுப்பித்தால் பக்கத்தில் நீங்கள் கையால் செய்த திருத்தங்கள் அத்தனையும் அழிந்துபோகும். நான் அதைத் தொடுவதில்லை. பழைய வேர்ட் கோப்பையும் புதியதையும் வேர்டிலேயே ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையால் போடுவேன். பொறுமை வேண்டும், ஆனால் மெய்ப்பு பார்த்த உரை பத்திரமாக இருக்கும்.

பனையோலை எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். 14 கோப்புகளும் ‘புக்’ பட்டியலில் ஏறிவிட்டன. பழைய அச்சகத்தில் தூசி படிந்த கணினி ஒன்றில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடியது. பக்கத்துக்கு ஒரு தனிப் பெட்டியாக வைத்திருந்ததால் 41 முறை ஏற்றுமதி செய்யவேண்டியதாயிற்று. அந்தப் பெட்டிகளை அன்று வைத்தவளும் நான்தான், ஆகையால் யாரையும் நொந்துகொள்ள வழியில்லை.

மெய்ப்புநோக்கி அவர்கள் சொன்ன தேடலில் ‘கெளம்பு’ உண்மையாகவே அகப்பட்டது, இரண்டாவது கட்டுரையில், மடை திறக்கப் போகிறவர் பேசும் இடத்தில். அதை விட்டுவிட்டேன். மொத்தம் 326 பக்கம் வருகிறது. வரியிடைவெளியைச் சற்றுக் குறைத்து 320க்குள் கொண்டுவருவதா, 21ஆவது பாரத்துக்கு ஒப்புக்கொள்ளச் சொல்வதா என்று நாளை பதிப்பாளரிடம் பேசவேண்டும்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

வரியிடைவெளியைக் குறைக்கவேண்டாம் அம்மா. அதற்குப் பதிலாக வலப்பக்கத் தொடக்கத்துக்காகச் சேர்ந்த வெற்றுப்பக்கங்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கட்டுரைகள் இடப்பக்கத்திலும் தொடங்கலாம் என்று தொகுப்பாசிரியர் ஒப்புக்கொண்டால் 6 பக்கம் அதிலேயே கிடைத்துவிடக்கூடும்.